யாரோடும் உறவில்லாத ஒன்று

நவம்பர், திங்கள்

விடியலிலிருந்து மழை. ராயபுரத்தில் டிராம் நின்றுவிட்டது. கல்லூரிக்கு நடை. செருப்பு வார் போச்சு.

இன்று கணக்கு வகுப்பில் பாடம் சமான உறவு. மூன்று நிபந்தனை. ஒவ்வொன்றும் தனக்குத்தானே உறவு. அ-வுக்கு ஆ உறவென்றால் ஆ-வுக்கு அ உறவு. அ-வுக்கு ஆ, ஆ-வுக்கு இ உறவென்றால் அ-வுக்கு இ-யும் உறவு. மூன்றும் பொருந்தினால் எல்லாம் தனித்தனி வகுப்புகளாகப் பிரிந்துவிடும், ஒரு மாதத்துத் தேதிகள் கிழமைகளாகப் பிரிவதுபோல. எதுவும் இரண்டில் இராது, எதுவும் விடுபடாது.

எழுந்து கேட்டேன். முதல் நிபந்தனை எதற்கு? அ-விலிருந்து ஆ-வுக்குப் போய்த் திரும்பினால் அ தனக்கே உறவாகிவிடுகிறதே?

புரொபசர்: "போவதற்கு ஒரு ஆ இல்லாவிட்டால், அம்மா?"

பையன்கள் சிரிப்பு. உட்கார்ந்துவிட்டேன்.

செவ்வாய்

பக்கத்து வீட்டு மாணிக்கம் மாமாவுக்கு நெஞ்சு வலி. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் இடத்திலிருந்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். யுத்தத்தின்போது பர்மாவிலிருந்து நடந்து வந்தவர். மனைவி, மகள் இருவரும் வழியிலேயே போய்விட்டார்கள். அம்மா கஞ்சி கொண்டுபோய், அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். அவருக்கு நினைவில்லை.

புதன்

மாமா இறந்துவிட்டார். உடலை வாங்க நானும் அம்மாவும் ஆஸ்பத்திரியில்.

"இன்னா உறவு?" ஜன்னலில் கிளார்க்.

"பக்கத்து வூடு," அம்மா.

"அதுக்கெல்லாம் குடுக்க முடியாதும்மா. சொந்தம் யார்னா கீறாங்களா?"

"யாரும் இல்ல."

"அப்போ அநாதைப் பொணம். நாங்களே பொதைச்சிடுவோம்."

பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்போதுதான் புரிந்தது. ஆ இல்லாத அ. போக இடமில்லாதபோது திரும்புவது எங்கிருந்து? முதல் நிபந்தனை இல்லையென்றால் அது எந்த வகுப்பிலும் சேராது. இருந்தால், தான் மட்டுமே உள்ள ஒரு வகுப்பாவது அதற்கு உண்டு.

கணக்கு புரிந்த சந்தோஷம் இல்லை.

அம்மா எழுந்து மறுபடி ஜன்னலுக்குப் போனாள். "எயுதிக்கோ நைனா. நான் அவரு தங்கச்சி."

"இப்பதானே பக்கத்து வூடுன்னே?"

"பக்கத்து வூட்ல இருந்த தங்கச்சி."

கிளார்க் அவளையே பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். "செத்தவரோட அப்பா பேரு?"

அம்மா தன் அப்பா பெயரைச் சொன்னாள்.

"இந்தப் பொண்ணு?"

"அவருக்கு மருமவ."

வியாழன்

வெயில். காசிமேட்டில் தகனம். கூட மூட்டை தூக்கியவர்களே சுமந்தார்கள், அவர்களில் ஒருவர் கொள்ளி வைத்தார். அம்மா தலைமுழுகிவிட்டுத் தனக்கு மட்டும் கஞ்சி காய்ச்சினாள். அண்ணன் செத்த தீட்டாம்.

வெள்ளி

பரீட்சை. புடவை மாற்றிப் புறப்பட்டேன். அம்மா வாசலில் மறித்தாள்.

"மாமன் செத்துகீறாரு. காலேஜுக்கு இன்னா அவசரம்?"

போகவில்லை.