நெஞ்சில் குத்தப் பின்னிய பூ

திங்கள்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. விடிந்ததிலிருந்து மணல். தகரக் கொட்டிலுக்குள் சோற்றுப் பானையைத் திறக்க முடியவில்லை. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி இன்றும் வரவில்லை.

முகாம் மண்டபத்தில் பெண்களுக்கு வகுப்பு ஆரம்பம். போன மாதம் உதவி நிறுவனத்திலிருந்து வந்து என்ன வேண்டும் என்று கேட்டார்கள். தறி என்றோம். எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னோம். மருதமுனையில் தறியடித்த கைகள் இவை, வேறு என்ன கேட்போம்? இன்று பெட்டியைத் திறந்தால் கொக்கி ஊசி. நுனியில் சின்னக் கொக்கி வைத்த ஓர் ஊசி, ஆளுக்கொரு உருண்டை கம்பளி நூல். இந்த வெக்கையில் கம்பளி!

பெட்டியோடு வந்த நிறுவனத்துப் பெண் சொன்னது: "இதச் செஞ்சா மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

என் மனசைப் பற்றி யார் இவளிடம் முறையிட்டது?

படிப்பிக்க வந்தவர் சுலோ மிஸ். தம்பிலுவில்காரி. மெலிந்த ஆள், குரல் மட்டும் பெரிசு. அந்தப் பெண் வானில் ஏறிப் போகும்வரை பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பூப் பின்னத் தெரியும். அதைச் சொல்லித் தாறன். விருப்பமில்லாட்டி எழும்பிப் போகலாம், நான் கோவிக்க மாட்டன்."

எழும்ப நினைத்தேன். எழும்பவில்லை. கொட்டிலுக்குள் போய் என்ன செய்வது?

இன்று படித்தது: விரலில் நூலைச் சுற்றிக் கண்ணி, கண்ணிக்குள் கொக்கியை விட்டு அடுத்த கண்ணியை இழுப்பது. சங்கிலி. அவ்வளவுதான். என் சங்கிலி கம்பிபோல வந்தது.

"இறுக்காதீங்க ரிஹானா. பிறகு ஊசி நுழையாது."

இறுகித்தான் வருகிறது. நான் என்ன செய்ய?

புதன்

வெயில். மண்ணெண்ணெய், சவர்க்காரம், மகளுக்குச் செருப்பு வாங்க வேண்டும்.

பூவின் இதழ் படித்தோம். மறக்காமல் இருக்க: சங்கிலியின் இரண்டு முனையையும் கோர்த்து வளையம். வளையத்திலிருந்து சங்கிலி மூன்று மேலே. பிறகு வளையத்துக்குள்ளேயே நெட்டைப் பின்னல் மூன்று, அதாவது நூலை ஊசியில் ஒருமுறை சுற்றிக்கொண்டு பின்னுவது. மறுபடி சங்கிலி மூன்று கீழே, வளையத்தில் ஒரு பூட்டு. அது ஓர் இதழ். இப்படி ஐந்து. கடைசியில் வாலாக நிற்கும் நூலை இழுத்தால் நடு ஓட்டை மூடிக்கொள்ளும்.

என் முதல் பூ நண்டுமாதிரி. பக்கத்துக் கொட்டில் ஜெஸ்மின் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இது கடிக்குமா?" என்றாள். கடல் ஊருக்குள் வந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. நண்டுப் பூவை அவளுக்கே கொடுத்துவிட்டேன்.

இவ்வளவு நேரமும் நல்லாத்தான் போனது. பிறகு வீடு கட்டும் வேலைக்குப் பொறுப்பான ஒபிசர் வந்தார். மேற்கே வயல் பக்கம் கட்டும் புது வீடுகளுக்கு அடுத்த வாரம் திறப்பு விழாவாம். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். நாங்கள் பின்னும் பூக்கள் அவர்களின் நெஞ்சில் குத்துவதற்காம். அதற்குத்தான் இந்த வகுப்பு!

வீடு கிடைப்பவர்களின் பெயரை வாசித்தார். ஆம்பிளைப் பெயர். ஆம்பிளைப் பெயர். ஆம்பிளைப் பெயர். என் முறை வந்தபோது, "முகம்மது நவாஸ்."

நான் எழும்பினேன். "அது என்ட மாப்பிள்ளைட பேர். கடற்கரையில இருந்த வீடு என்ட பேர்ல இருந்திச்சி. என்ட உம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு."

"குடும்பத் தலைவர்ட பேர்லதான் போடுவாங்க."

"வீடு என்டயே சேர்."

"அந்த வீடுதான் இப்ப இல்லையே, தங்கச்சி."

சிரித்துக்கொண்டே சொன்னார்! அந்த வீட்டில் வைத்துத்தான் கடல் உம்மாவைக் கொண்டுபோனது. தறி மேடையில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தவ. உடலை மதரசாவுக்குப் பின்னால் கண்டெடுத்தோம். அந்த வீடுதான் இப்ப இல்லையாம்.

ஊசியால் குத்தாமல் விட்டேனே, அல்லாஹ்தான் காப்பாற்றினான், என்னையா அவரையா தெரியாது.

வியாழன்

வகுப்பில்லை. இரண்டு பூ. இதழ் இப்போது இதழ்மாதிரி.

என் புருசன் நவாஸ் மச்சான் ஒலுவில் துறைமுகப் பக்கம் வேலைக்குப் போய் மீன் கொண்டுவந்தார். மகள் ஷிபானாவுக்குப் பொரித்தேன். நான் தின்னவில்லை. கடல் கொண்டுபோனவர்களை நினைத்தால் இன்னும் முடியவில்லை.

சாப்பிடும்போது கேட்டேன்.

"வீட்டுக்கு உங்கட பேரக் குடுத்தீங்களா?"

"கேட்டாங்க, குடுத்தன்."

"என்ட பேரச் சொல்லல்லையா?"

"ஆர்ர பேர்ல இருந்தா என்ன? நான் உன்ன ரோட்டில விடுவனா?"

"நீங்க விடமாட்டீங்க. நான் அதச் சொல்லல்ல. நாளைக்கு ஷிபானாவுக்கு எதக் குடுக்கப் போறன்? உம்மா எனக்குத் தந்தா. நான் அவளுக்குக் குடுக்கணும். இந்த ஊர்ல ஆம்பிளைட வீட்டுக்கு ஆர் போயிருக்கா?"

"இப்ப தலைக்கு மேல கூரை வரட்டும். சண்டையப் பொறகு பாப்பம்."

கல்யாணத்தன்று ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்த மனுசர். எங்கள் ஊரில் எல்லா மாப்பிள்ளைமாரும் அப்படித்தான். அதில் ஒரு குறைவும் இல்லை. நல்ல மனுசர்தான். அவர் நல்லவராக இருப்பதை நம்பித்தான் நான் ஆயுசுக்கும் குந்தியிருக்க வேண்டுமா? என் வீட்டில் நான் அப்படி இருக்கவில்லையே.

அவருக்கு விளங்கவில்லை. கையைக் கழுவிவிட்டுத் தொழப் போய்விட்டார்.

சனி

காற்று குறைவு.

வகுப்புக்கு ஜெஸ்மின் முந்தியே வந்து குந்தியிருந்தாள். ஒருவரையும் பார்க்கவில்லை. பூவுக்கு மேல் பூ. முக்காடு முகத்தில் விழுவதைக்கூட ஒதுக்கவில்லை. பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"என்ட மாப்பிள்ளை வேற ஊர்ல இன்னொரு நிக்காஹ் முடிச்சிட்டார். புது வீட்டுக்கு அவளத்தான் கூட்டிட்டு வாறாராம். நானும் புள்ளைகளும் இப்போதைக்கு முகாம்லயே இருக்கட்டாம்."

கடற்கரையில் ஜெஸ்மினின் வீடு எனக்கு முன்வீடு. அவள் உம்மா தந்தது, அவள் பேரில் இருந்தது. கடல் கொண்டுபோன இடத்துக்கு மாற்றாகக் கிடைத்ததுதான் அந்தப் புது வீடு. வேறு எதற்காக அவனுக்கு வீடு கொடுத்தார்கள்? அவன் எங்கள் ஊர் ஆளே இல்லை.

"வீட்டுக் கடதாசில கையெழுத்து வெச்சிட்டானா?" என்று கேட்டேன்.

"ஓம். போன கிழமையே."

சுலோ மிஸ் ஊசியைக் கீழே வைத்தார். "எங்கட பக்கமும் வீடு பெண்ணுக்குத்தான். எங்கட அக்காவுக்கும் இதே வேலைதான் செஞ்சாங்க. அக்கா இப்ப எங்களோட இருக்கிறா. எங்கட அத்தான் மட்டும் அந்தப் புது வீட்டில."

பின்னி முடித்த பூக்கள் எல்லாம் ஒரு சொப்பிங் பேக்கில் அவரிடம்தான் இருந்தன. விழாவுக்கு முன் ஒபிசரிடம் கொடுக்க வேண்டும். அதைத் தூக்கிவந்து என் பாயில் வைத்தார்.

"நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்," என்றார்.

எனக்கு விளங்கியது, பூ எங்கள் கையிலேயே இருக்கட்டும் என்கிறார். பையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்

ஒபிசரிடம் போனோம். பெண்கள் மட்டும். ஜெஸ்மின் வரவில்லை, புள்ளைக்குக் காய்ச்சல்.

நான்தான் கதைத்தேன். "புது வீட்டுக்கு எங்கட பேரப் போடுங்க. பூத் தாறம்."

முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நூல்ப் பூ இல்லாட்டி வீடு திறக்க ஏலாதா? கல்முனைக் கடையில பிளாஸ்டிக் பூ அள்ளிக் கிடக்கு."

"அப்ப கடையிலயே வாங்குங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

பின்னேரத்துக்குள் கதை ஊரெல்லாம் போய்விட்டது. பள்ளிவாசல் ஆட்கள் மச்சானைக் கூப்பிட்டு, "பொண்டாட்டிய அடக்க மாட்டீங்களா? வாற உதவியும் நிண்டு போனா ஆர் பதில் சொல்ற?" என்றார்களாம். முகம் கறுத்து வந்தார்.

"ஊரே சிரிக்குது ரிஹானா. பூவக் குடுத்திரு."

"குடுக்க மாட்டன்."

"எனக்காக."

"உங்களுக்காகத்தான் வெளிய வாய் தொறக்காம இவ்வளவு நாளும் இருந்தன்."

எழும்பிக் கடற்கரையில் தோணிகள் நிறுத்தும் வாடிக்குப் போய்விட்டார். ஷிபானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தாள். "உம்மா, பூப் பின்னக் காட்டித் தாங்களன்," என்றாள். அவள் கை என் கைமாதிரி இறுகவில்லை. அதையும் பார்த்து எனக்கு எரிச்சல். பிறகு அழுகை.

வியாழன். திறப்பு விழா

மேளம், கொடி, வெயில். எங்களை முன்வரிசையில் குந்த வைத்தார்கள், படம் எடுக்க. வந்தவர்கள் நெஞ்சில் பிளாஸ்டிக் ரோசாப்பூ.

வந்தவர்களில் தலை நரைத்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி. பெண்கள் பின்னிய பூ எங்கே என்று கேட்டிருக்கிறாள். யாரோ அவளிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஒபிசர் ஏதோ சொல்லிச் சமாளித்தார். அவள் எங்கள் பக்கம் வந்தாள். மொழிபெயர்க்க ஒரு ஆள், கறுப்புக் கண்ணாடி.

நான் கதைக்கலாம் என்று வாயைத் திறக்கும்போது ஜெஸ்மின் எழும்பினாள். வாய் தொறவாத ஜெஸ்மின்!

"என்ட உம்மா தந்த வீடு கடலோட போச்சி. அதுக்குப் பதிலாத் தந்த வீட்ட என்ட பேர்ல தரல்ல. என்ட மாப்பிள்ளைட பேர்ல குடுத்தீங்க. அவர் அதுக்க வேற பொண்டாட்டிய கொண்டுவாறார். நான் புள்ளைகளோட தகரக் கொட்டில்ல இருக்கன். நான் இந்தப் பூவ ஆருக்கு குத்தணும்?"

கண்ணாடிக்காரன் ஒபிசரைப் பார்த்தான். பிறகு வெள்ளைக்காரியிடம் இரண்டு சொல். அதில் ஒன்று எனக்கும் தெரியும். தேங்க்யூ.

"பொய்!" என்று கத்திவிட்டேன். "தேங்க்யூ எண்டு அவ சொல்லல்ல! பொய் சொல்றான்!"

மேளக்காரன்கூட நிறுத்திவிட்டான். பந்தலின் ஓரத்தில் நின்ற சுலோ மிஸ் நடந்து வந்தார். அவசரமில்லாமல் வந்தார். ஜெஸ்மின் சொன்னதை வரிக்கு வரி இங்கிலீசில் சொன்னார். எனக்கு இங்கிலீசு தெரியாது, ஆனால் வெள்ளைக்காரியின் முகத்தில் தெரிந்தது சரியாகத்தான் சொல்கிறார் என்று. அவள் நெஞ்சில் இருந்த ரோசாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள்.

சுலோ மிஸ் ஜெஸ்மினிடம்: "உங்கட பேர் என்ன எண்டு கேக்கிறா."

"ஜெஸ்மின். அப்துல் காதர் ஜெஸ்மின்."

இவ்வளவு நாளும் ஒருவரும் அவளிடம் கேட்காதது.

கொட்டிலுக்கு வந்தும் கோபம் தணியவில்லை. சோறு வைக்கவில்லை. ஷிபானா பாண் வாங்கி வந்தாள்.

ஞாயிறு

வகுப்பு நிறுத்தம். சுலோ மிஸ்ஸை வரவேண்டாம் என்றுவிட்டார்களாம். சாமான் எடுக்க வந்தவரோடு பஸ் நிற்குமிடம்வரை போனேன். பூப் பையைக் கொடுத்தேன்.

"எனக்கு என்னத்துக்கு? உங்கட பூ."

"எங்களால உங்கட வேலையும் போச்சே, மிஸ்."

"போகட்டும். அந்தக் கண்ணாடிக்காரன் பொய் சொல்லக்குள்ள பேசாம நிண்டிருந்தா எங்கட அக்காட முகத்தில எப்பிடி முழிக்கிற?" பையிலிருந்து ஒரு பூவை மட்டும் எடுத்துப் பார்த்து, "நீங்க இப்பவும் இறுக்கித்தான் பின்றீங்க," என்றார். இருவரும் சிரித்தோம். பஸ் வந்துவிட்டது.

புதன்

புழுக்கம்.

மச்சான் பகலிலேயே வந்தார். வந்து தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார், ஒபிசரிடம் போயிருந்தாராம்.

"இன்னும் கையெழுத்து வெக்காத வீடுகளுக்கு ரெண்டு பேர்ட பேரையும் போடச் சொல்லி மேல இருந்து வந்திருக்காம். எனக்கு வேணாம், பொண்டாட்டிட பேர மட்டும் எழுதுங்க எண்டு சொன்னன்."

"என்ன சொன்னார்?"

"நீ ஆம்பிளையா எண்டு கேட்டார். எழுதுங்க சேர் எண்டன்."

அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சந்தோசப்பட வேண்டும். பட்டேன்தான், கொஞ்சம். பிறகு கேட்டேன்: "ஜெஸ்மினுக்கு?"

"அது கையெழுத்து வெச்சி முடிஞ்ச வீடாம். ஒண்டும் செய்ய ஏலாதாம்."

வாயைத் திறந்தவள் அவள். வீடு எனக்கு. இது எந்த ஊர் நியாயம்? முற்றத்தில் கிடந்த வாளியை எட்டி உதைத்தேன். காலில் அடி. நல்லா வேண்டும்.

வெள்ளி

ஜும்ஆத் தொழுகை நேரம் ஆம்பிளைகள் பள்ளியில். ஜெஸ்மின் புள்ளைகளையும் பாயையும் பானையையும் எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போய் வாசலில் குந்திவிட்டாள். கதவு பூட்டியிருக்கிறது. சாவி அவள் மாப்பிள்ளையிடம்.

செய்தி வந்ததும் நாங்களும் போனோம். அவன் மோட்டார் சைக்கிளில் வந்தான். பின்னால் அந்தப் பெண், சின்னப் பெண், பயந்த முகம். வாசல் நிறையப் பெண்கள். எஞ்சினை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இது என்ட பேர்ல உள்ள வீடு!"

ஜெஸ்மின் எழும்பவில்லை. "உங்கட பேர் கடதாசில இருக்கட்டும். நான் இஞ்ச இருக்கன்."

திரும்பிப் போய்விட்டான். திரும்பவும் வருவான், ஆட்களைக் கூட்டிக்கொண்டு.

அவளைத் தனியே விடுவதில்லை என்று பேசி முறை போட்டிருக்கிறோம். மச்சான் தோணி வாடியிலிருந்து ஒரு படங்குத் துணி கொண்டுபோய் நிழலுக்குக் கட்டிக் கொடுத்தார். நாளைக் காலை என் முறை. அங்கே கிணறு இல்லை, குடத்தில் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். புள்ளைகளுக்குப் பால்மா. இப்போதே அரிசி போட்டால்தான் விடியமுன் சோற்றையும் கட்டிக்கொண்டு போகலாம்.