சகஸ்தி புல்வெளியில் போன பெட்டி

எலோர்டி வீடு,
ஜூன் 28, பேதுரு பவுல் திருநாளுக்கு முந்தைய நாள்.

என் அன்பு மகள் இட்சியாருக்கு,

அரான்சசு மாதாவின் காவலில் நீ பாரிசில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் சுகம். முழங்கால் பழையபடிதான்.

உன் படத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் வருவதை மருந்துக்கடை மரிசோல் எடுத்துத் தருகிறாள். தேதி குறித்து பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். இதுவரை ஒன்பது. ஆறு பேர் புகழ்கிறார்கள். இரண்டு பேர் தூக்கம் வந்தது என்கிறார்கள். ஒருவர் எந்தப் பக்கம் என்று மூன்று முறை படித்தும் பிடிபடவில்லை. படத்தில் வரும் தாயின் மௌனம் பாஸ்க் இனத்தின் மௌனமாம். மாட்ரிட்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டில் பேச ஆள் இல்லாவிட்டால் எந்த இனத்துக்காரியும் அப்படித்தான் இருப்பாள். நம் மொழியில் வந்ததை இரண்டு நாள் வைத்துப் படித்தேன். பள்ளியில் அதைப் பேசினால் அடி விழுந்த காலம் என்னுடையது. கோயில் தாளைப் பார்த்து நானாக எழுத்துக் கூட்டியவள், வேகம் வராது.

திட்டியவர்கள்கூட ஒரு காட்சியை மட்டும் பாராட்டுகிறார்கள். தகப்பனின் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு காலை வெளிச்சத்தில் புல்வெளியில் இறங்குகிறார்களே, அந்தக் காட்சி.

அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அது பக்கத்து சகஸ்தி வீட்டு ஃபகுந்தோவின் புல்வெளி. நீங்கள் படம் எடுத்தபோது அவர் இடுப்பு அறுவைக்காக மருத்துவமனையில் இருந்தார். போன மாதம் ஊர் மண்டபத்தில் படம் போட்டபோதுதான் பார்த்தார். பாதியில் எழுந்து போய்விட்டார்.

மறு ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "எலோர்டி வீட்டுப் பொணத்துக்குன்னு ஓடையோரமா ஒரு வழி இருக்குல்ல? உங்க பாட்டன் முப்பாட்டன் எல்லாம் அதுலதான போனாங்க? என் நெலத்துல எதுக்கு எறக்குனா உன் மக? பொட்டி போன தடம் ஊருக்கே வழின்னு அவளுக்குத் தெரியாதா?" என்றார். பெட்டி காலிதானே என்றேன். "காலியா இருந்தா என்ன, புல்லுக்குத் தெரியுமா?" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பிறகு நடந்ததைக் கேள். பத்திரிகையில் படித்துவிட்டு ஆட்கள் வருகிறார்கள். சனி, ஞாயிறானால் மலையேறும் செருப்பும் கையில் போனுமாக, படத்தில் வந்த பாதை எது என்று நம் கதவைத் தட்டுகிறார்கள். புல் நசுங்கி, உண்மையாகவே ஒரு தடம் விழுந்துவிட்டது. வைக்கோலுக்கு அறுக்க வேண்டிய புல். ஃபகுந்தோ கம்பிவேலி போட்டார். அதையும் தாண்டுகிறார்கள். "பாத்தியா எவுஸ்தாகியா? காலிப் பொட்டியே இத்தன பேர இழுத்தாருது" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். கடைசியாகச் சொன்னதுதான் என்னை வாட்டுகிறது: "இனி நீ யாரோ, நான் யாரோ. எனக்கு ஒண்ணுன்னா நீ வர வேணாம். உனக்கு ஒண்ணுன்னா சிலுவை எடுத்து முன்னால நடக்க வேற ஆளப் பாத்துக்க."

உன் அப்பா இறந்த அன்று நம் கதவுக்குள் முதலில் வந்தவர் அவர். சிலுவையைத் தூக்கி ஓடை வரை மழையில் நடந்தார். சாவு வீட்டில் முதல் அயல்வீட்டுக்காரர் செய்ய வேண்டியது என்று எதையும் அவர் விட்டதில்லை. இப்போது நான்கு வாரமாகக் கோயிலில் வேறு பெஞ்சில் உட்காருகிறார். வார நாட்களில் வாசலுக்கு வந்து பேசுபவர் ரொட்டிக்காரர் மட்டும்தான்.

மகளே, அவர் உன்னைத் திட்டியபோது நான் உண்மையைச் சொல்லவில்லை. பாரிசுக்குப் போனவளுக்கு வழக்கம் மறந்துவிட்டது என்று ஊரே பேசியதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். ஆனால் நீ என்னைக் கேட்டாய். கஷ்கொட்டை மரங்களுக்கடியில் ஓடை வழி இருட்டாக இருக்கிறது, புல்வெளியில் எடுக்கலாமா, இல்லாவிட்டால் வேறு பள்ளத்தாக்கு பார்க்க வேண்டும் என்றாய். எனக்கு வழக்கம் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன், எடுத்துக்கொள், ஃபகுந்தோ ஒன்றும் சொல்லமாட்டார் என்று. படம் எடுத்த அந்த மூன்று வாரமும் நம் மேசையில் பதினொரு பேர் சாப்பிட்டார்கள். தினமும் பெரிய பானையில் அவரைக்கொட்டை சமைத்தேன். மாடியில் உன் காலடிச் சத்தம் கேட்டது. நீங்கள் வேறு ஊருக்குப் போய்விடக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். என்னிடம் சொல்லி என்ன பயன், ஃபகுந்தோவிடம் போய்ச் சொல்லுங்கள் என்றார் சாமியார். இரண்டு முறை அவர் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

செப்டம்பரில் படத்தோடு தோனோஸ்தியாவுக்கு வருகிறாயாம், மரிசோல் சொன்னாள். அங்கிருந்து ஒரு மணி நேர பஸ். ஒரு நாள் வந்துவிட்டுப் போ. நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், பேசவும் வேண்டாம். நான் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றால் போதும். ஒரு நாள் என்று எழுதியிருக்கிறேன். உன் வேலை எனக்குத் தெரியும். இரவு தங்குவதானால் படுக்கை விரித்தே இருக்கிறது.

எந்த ஊரில் இருந்தாலும் மாதா உன்னைத் தனியாக விடாதிருப்பாளாக.

உன் அம்மா,
எவுஸ்தாகியா