எனக்குப் பயந்து துடைக்காதே

மல்காஜ்கிரி
நவம்பர் 4

அன்பு மகள் எழிலுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் யாழும் ஆக்லாந்தில் சுகமாக இருக்க வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை. என்னைக் கேட்டால், மாத்திரை போடுகிறேன், நடக்கிறேன், சாப்பிடுகிறேன், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அம்மாவின் போன் நம்பருக்கு இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டுதான் இருக்கிறேன், ஏன் என்று கேட்காதே.

முந்தாநாள் கல்லறைத் திருநாள். கீழ்வீட்டு லோயிஸ் போய் அவள் வீட்டுக்காரர் கல்லறைக்குப் பூ வைத்துவிட்டு வந்தாள். எனக்கும் கொஞ்சம் கேக் கொடுத்துவிட்டு, பேச்சோடு பேச்சாக, அண்ணியப் பாக்கணும்னு தோணிச்சுன்னா நீங்க எங்கண்ணே போவீங்க என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு அவளுக்கே முகம் சுண்டிவிட்டது பாவம். நம் வீட்டில் சடங்கு, காரியம் எதுவும் கிடையாது. உன் அம்மா பூர்ணா தன் கையால் எழுதிக் கொடுத்தபடி உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தோம், ஹாலில் படத்திறப்பு வைத்து நாலு பேர் பேசினோம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் நேற்று பஸ் பிடித்து அந்தக் கல்லூரி வாசலுக்குப் போனேன். உள்ளே போய் யாரை என்னவென்று கேட்பது, எதிரே இரானி கடையில் ஒரு சாயா குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

போனில் இதெல்லாம் வாயில் வராது, அதனால்தான் கடிதம். இன்னொன்றும் இருக்கிறது. போன ஞாயிறு நான் வீடியோவில் கூப்பிட்டபோது யாழ்தான் எடுத்தாள். எடுத்ததும் திரும்பி, அம்மா, தாத்தா கால் பண்றார், நெத்தியத் துடைச்சுக்கோ என்று கத்தினாள். நீ வந்தாய். நெற்றி ஈரமாக இருந்தது, புருவத்தில் திருநீறு கொஞ்சம் ஒட்டியிருந்தது. நான் கவனிக்காத மாதிரி வெண்டைக்காய் விலையைப் பற்றிப் பேசினேன்.

எழில், உன்னைச் சாமி இல்லாமல் வளர்த்ததில் எனக்கு வருத்தம் இல்லை. எனக்கு இன்றும் நம்பிக்கை கிடையாது, இனிமேல் வரப்போவதும் இல்லை. சாமி கண்ணைக் குத்தும் என்று உன்னை ஒரு நாளும் நாங்கள் மிரட்டியதில்லை, எதற்கும் பயப்படாத பிள்ளையாக நீ வளர வேண்டும் என்றுதான் நானும் அம்மாவும் நினைத்தோம். அப்படி வளர்ந்த நீ எனக்குப் பயப்படுகிறாய், உன் பிள்ளைக்கும் அந்தப் பயத்தைப் பழக்கியிருக்கிறாய். எனக்கு மனசு விட்டுப்போயிற்று எழில். அம்மா இல்லாத வேதனையில் நீ ஒரு கோயிலில் போய் நிற்கிறாய், நான் சாயாக் கடையில் போய் நின்றேன், இதில் யார் யாரைக் குற்றம் சொல்வது. தாத்தா கோபிக்க மாட்டார் என்று யாழிடம் நீயே சொல்லிவிடு.

ஜனவரியில் அம்மாவுக்கு வருஷம் வருகிறது. லீவு கிடைத்தால் வா. திதியோ படையலோ, உனக்கு எது செய்யத் தோன்றுகிறதோ அதை நம் வீட்டிலேயே, அம்மா படத்துக்கு முன்னாலேயே செய். ஐயரை நீதான் விசாரிக்க வேண்டும், எனக்கு யாரையும் தெரியாது. வாழை இலை, பழம் எது சொன்னாலும் நான் வாங்கி வருகிறேன். கும்பிடு என்று மட்டும் சொல்லாதே, கும்பிட மாட்டேன். எல்லாம் முடிகிறவரை உன் பக்கத்தில் நிற்பேன்.

இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பு, யாழுக்கு முத்தம். குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டும் நீ.

உன் அப்பா,
இளங்கோவன்