உன் கிணற்றுத் தண்ணீர்

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கிணற்றுத் தண்ணீர் சுத்தமாகிவிட்டது. மண் பரிசோதனை நிலையத்து அதிகாரி அம்மா நேற்று வந்து சொன்னார்.

நீயும் மாப்பிள்ளையும் பக்கத்து வீட்டைக் காலி பண்ணிப் போன பிறகு நான்தான் அவரைத் தேடிப் போய்க் கூப்பிட்டேன். இரண்டு வருடமாக என் மெக்கானிக் பட்டறைக்குப் பின்னால் குழாய் இறக்கிக் காற்றடிக்கிறோம், யூரியா கரைத்து ஊற்றுகிறோம். காற்றும் உரமும் கிடைத்தால் மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்களே எண்ணெயைத் தின்றுவிடுமாம். முதலில் கேட்டபோது சிரித்தேன். "சிரிக்காதீங்க. நீங்க கொட்டினதை அதுங்கதான் துடைக்கணும்" என்றார். அன்றைக்கே குழாய் வாங்கப் போனேன்.

அன்றைக்கு நீ டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, "அண்ணா, ஆயில் வாடை அடிக்குது, மோந்து பாரு" என்றாய். பட்டறையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். "கிணத்துல உன் வீட்டுக்காரர் இறக்கின மோட்டார்தான் ஒழுகுது, அவரைக் கேளு" என்று சத்தமாகச் சொன்னேன். தெருவே நம்பியது. மாப்பிள்ளை அந்த மோட்டாரை மூன்று தடவை கழற்றிப் பூட்டினார்.

ஏழு மாத வயிற்றோடு நீ தெருக்குழாயிலிருந்து வாளி தூக்கிப் போவாய். பார்த்துவிட்டு, வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன்.

நேற்று அந்த அம்மா ஒரு படிவம் நீட்டினார். மாசுக்குக் காரணம் என்ன என்று அதில் கேட்டிருந்தது. "கசிவுன்னு போட்டாலே போதும்" என்றார். பேனாவை வாங்கி நானே எழுதினேன்: 'பழைய எஞ்சின் ஆயிலைக் குழி தோண்டி ஊற்றியது நான். பக்கத்து வீட்டு மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை.'

நகலை இதோடு வைத்திருக்கிறேன். உங்களைத் திரும்பி வரச்சொல்ல எனக்கு வாயில்லை. இதை மாப்பிள்ளையிடம் காட்டினால் போதும்.

உன் அண்ணன்