இரண்டாம் வளைவில் விலகிய வண்டி

ஈயம் பற்றவைக்கும் புகை மூக்கில் ஏறியதும் வகுப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன்டா. உள்ளே என் மாணவர்கள் நாளைய ரோபோ போட்டிக்காக ஒயர்களைப் பற்றவைத்துக்கொண்டிருக்கிறார்கள். சாருக்குப் புகை ஒத்துக்கொள்ளாது என்று நினைத்திருப்பார்கள். எனக்கு ஒத்துக்கொள்ளாதது எது என்பதை உனக்குத்தான் எழுத வேண்டும். ஆயுளில் பாதியைத் தள்ளிப்போட்டே கழித்துவிட்டேன்.

எண்பதுகளில் நாம் தருமபுரியில் பாலிடெக்னிக் படித்தபோது ரோபோ என்ற சொல்லே நமக்குப் புதிது. தரையில் போட்ட வெள்ளைக் கோட்டைப் பார்த்து, யாரும் தொடாமல் தானாக ஓடும் வண்டியை இருவர் இருவராகச் செய்யச் சொன்னார் வாத்தியார். கோடு முடியும்வரை ஓடினால் செய்முறைத் தேர்வில் பாஸ். "எழுதிப் பாஸ் பண்றது பெரிசில்ல, ஓட்டிக் காட்டுங்கப்பா" என்றார்.

எனக்கு அது விளையாட்டு. நீயோ அந்தத் தேர்வில் ஏற்கனவே இரண்டு தடவை தோற்றவன். "இந்தத் தடவையும் போச்சுன்னா என்கூட பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்கு வந்துரு" என்று உன் அப்பா சொல்லிவிட்டார். அங்கே கட்டடங்களில் கான்கிரீட் போடப் பலகை அடித்துக்கொண்டிருந்தவர் அவர். உனக்கு உயரம் என்றாலே தலை சுற்றும். அது எனக்குத் தெரியும்.

கம்பைநல்லூரில் உங்கள் வீட்டில்தான் வண்டியைச் செய்தோம். பழைய டேப்ரெக்கார்டரில் பிடுங்கிய இரண்டு மோட்டார்கள். கோட்டைப் பார்க்க, முன்பக்கம் அடியில் இரண்டு கண்கள்; வெளிச்சம் பட்டால் வேலை செய்யும் சின்னச் சில்லுகள். ஒயரிங் முழுக்க நீ. நான் அட்டை வெட்டினேன், சக்கரம் மாட்டினேன், உன் அம்மா கிண்டிய களியைத் தின்றேன். உங்கள் வீட்டுத் தரையில் எத்தனை முறை விட்டாலும் வண்டி தவறவில்லை.

தேர்வன்று நான் எலுமிச்சம்பழத்தோடு வந்தேன். எங்கள் ஊரில் டிராக்டர் வாங்கினாலும் சைக்கிள் வாங்கினாலும் பழம் நசுக்காமல் நகர்த்த மாட்டார்கள். நீ சிரித்தாய். "மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டுத்தான் வந்தேன், அது போதும். வண்டிகிட்ட ஒண்ணும் பண்ணாதடா."

நீ வரிசைச் சீட்டு எடுக்கப் போனாய். நான் பழத்தை அறுத்து, குங்குமம் தடவி, சக்கரத்தடியில் வைத்தேன். அந்தப் பொம்மை வண்டியின் எடைக்குப் பழம் நசுங்குமா? கையால் அழுத்தி நசுக்கினேன். உனக்காகத்தான்டா செய்தேன்.

முதல் வளைவு வலப்பக்கம், வண்டி திரும்பியது. இரண்டாவது இடப்பக்கம். திரும்பாமல் நேரே போய்ச் சுவரில் முட்டியது. ஓடிப்போய் எடுத்தேன். இடது கண் முழுக்கக் குங்குமச் சாறு. யாரும் பார்ப்பதற்குள் கட்டைவிரலால் துடைத்துவிட்டேன்.

"என்னப்பா ஆச்சு?" என்றார் வாத்தியார்.

"ஒயரிங் நான் போட்டதுங்க சார். என் தப்புதாங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவர் இன்னொரு முறை ஓட்ட விட்டிருப்பார். இன்று அவர் இடத்தில் நிற்கும் நான், எந்த வண்டி நின்றாலும் மறு ஓட்டம் கொடுக்கிறேன். சக ஆசிரியர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

நீ பெங்களூர் போனாய். மூன்றாம் மாதம் சாரத்திலிருந்து விழுந்து, பெட்டியில் வந்தாய். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஒயரு வேல தனக்கு வரவே இல்லம்மான்னு சொல்லிச் சொல்லி அழுதான். நெசந்தானா கண்ணு?"

"ஆமாங்கம்மா" என்றேன். என்ன மனிதன்டா நான்.

இன்னொன்றும் இருக்கிறது. தேர்வு முடிந்த அன்று சாயங்காலம், நீ ஊருக்குப் போன பிறகு, ஆளில்லாத ஹாலில் வண்டியை மறுபடி கோட்டின் மேல் வைத்தேன். இரண்டாம் வளைவில் திரும்பியது. மிச்ச வளைவுகளிலும் திரும்பி, கோடு முடியும் இடம்வரை ஓடி நின்றது. உன் ஒயரிங்கில் ஒரு தப்பும் இல்லை. சொன்னால் என்னை வெறுத்துவிடுவாய் என்று பயந்தேன்.

நீ பெங்களூர் கிளம்ப அப்போது இன்னும் நாலு நாள் இருந்தது.