நொச்சி வாசம் இல்லாத ட்யூப்

கள்ளக்குறிச்சி,
14.11.2025

அன்பு மகள் நர்மதாவுக்கு அப்பா கரியன் எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய். இங்கும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் நடுவில் புகுந்து விளக்கம் சொல்வாய், அதனால்தான் கடிதம்.

உன் அண்ணன் மகள் மணிமொழியை ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்றோடு ஐந்து நாள். சொறி புண்ணாகி, சீழ் வைத்து, இப்போது சிறுநீரகத்தைப் பாதித்துவிட்டதாம். முகம் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. மூத்திரம் டீத்தண்ணி நிறத்தில் போகிறது. "இவ்ளோ நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். உன் பெயரை நான் சொல்லவில்லை.

ஊரில் யாராவது ட்யூபை மாற்றித் தடவினார்களா, உண்மையைச் சொல்லுங்கள் என்று நேற்று செய்தி அனுப்பியிருந்தாய். சொல்கிறேன், கேள்.

உன் ஆராய்ச்சிக்கான பச்சிலை ஜெல்லை, சொறி பிடித்த பிள்ளைகள் இருந்த இருபது வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். பாதி ட்யூபில் மருந்து, பாதியில் வெறும் ஜெல், எது எதுவென்று உனக்கே தெரியாது என்றாய். எங்களுக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. மருந்து ட்யூபில் மட்டும் நொச்சி வாசம் அடித்தது; மலையில் பிறந்த சனத்துக்கு அது தெரியாதா? இத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை பார். கொளஞ்சியம்மாள் ஒரு குண்டானை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தாள். "ஒரு புள்ளைக்கு மருந்து, ஒரு புள்ளைக்கு வெறும் கொழகொழப்பா? இது இன்னா நாயம்?" என்று எல்லா ட்யூபையும் அதில் பிதுக்கிக் கலந்து, சாமிக்கு வெட்டிய கிடாக்கறியைப் போல வீட்டுக்கு வீடு சமமாகப் பங்கு வைத்தாள்.

நம் வீட்டில் மட்டும் அவளைத் திருப்பி அனுப்பினேன். மணிமொழியின் ட்யூபில் நொச்சி வாசம் இல்லை. தெரிந்துதான் அனுப்பினேன். பிள்ளைக்கு வேறு ஏதாவது தடவலாமா என்று அன்றைக்கே உனக்குப் போன் போட்டது ஞாபகம் இருக்கிறதா? "ஆறு வாரம் பொறுத்துக்கோப்பா, வேற எதையும் தடவாதீங்க, நம்ம வூட்லயே தப்பு நடந்தா என் பேரு கெட்டுடும்" என்றாய். நர்ஸ் கொடுத்த களிம்பைக்கூடப் பரணில் போட்டுவிட்டேன். பிள்ளை சொறிந்து சொறிந்து அழுதது. "மாமா, கொளஞ்சியம்மா கிட்ட கொஞ்சம் வாங்கிக்கினு வரேன்" என்று ராதிகா கெஞ்சினாள். என் மகள் படிப்பு உனக்கு விளையாட்டா என்று மருமகளை அதட்டினேன்.

மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் ஆறிவிட்டது. பாதிக்குப் பாதி கலந்தும் கேட்கிற மருந்து, சந்தோஷப்பட்டுக்கொள். ஆனால் உன் நோட்டில் இருக்கும் இருபது பேரில், நீ சொன்னது சொன்னபடி நடந்தது ஒரே ஒரு பிள்ளைக்குத்தான். அந்தப் பிள்ளைதான் உள்ளே படுத்திருக்கிறது.

ராதிகா என்னை வார்டுக்குள் விடுவதில்லை. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அண்ணன் கலைவாணன் இட்லி வாங்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் போகிறான். மேலே மலையில் சாமைக் கதிர் முற்றி உதிர்கிறது, அறுக்க ஆள் இல்லை.

நீ டாக்டர் பட்டம் வாங்கி நன்றாக இருக்க வேண்டும். அந்த ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. அதற்கு முன்னால் ஒரு தடவை வா. வந்து ராதிகாவிடம், அப்பாவைத் தடுத்தது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. பொய் சொல்லச் சொல்லவில்லை, அம்மா.

இப்படிக்கு,
உன் பேச்சைத் தட்டாத அப்பா
கரியன்