உள்ளே கழுவாத டிரம்பெட்

தம்பி,

பழுது பார்க்கக் கொடுத்திருந்த உன் டிரம்பெட்டை இன்று காஞ்சிபுரம் கடையிலிருந்து வாங்கி வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். புது முலாமின் வாடைதான் அடித்தது. நீ போன பிறகு இத்தனை நாளும் அந்தப் பெட்டியைத் திறந்தால் முதலில் வருவது உன் வாய் நாற்றம்தான். வெற்றிலை, பழைய எச்சில், களிம்பேறிய பித்தளை எல்லாம் கலந்த கெட்ட நாற்றம். மனசு சரியில்லாதபோதெல்லாம் அதற்காகவே திறப்பேன். இனிமேல் எதற்குத் திறப்பது என்று தெரியவில்லை.

உன் மகள்தான் ஆரம்பித்தாள். வரும் மாதம் அவளுக்குக் கல்யாணம். சர்ச்சிலிருந்து வீடு வரைக்கும் ஊர்வலம், உன் பேண்டு செட் ஆட்கள்தான் வாசிக்கிறார்கள். முன்னால் போகிற டிரம்பெட் உன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆனால் அது இருந்த கோலத்தில் கல்யாணத்துக்குத் தூக்கிப் போக முடியாது. வெள்ளி முலாம் பாதி போய், மீதி கறுத்து, அகன்ற வாய்ப்பக்கம் ஒடுங்கிக் கிடந்தது. சாவு வீட்டில் யாரும் வாத்தியத்தைப் பார்ப்பதில்லை, கல்யாண வீட்டில் பளபளப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள். இதை எனக்குச் சொன்னவனே நீதான்.

நான் கூடவே கூடாது என்று குதித்தேன். "கீறபடியே இருக்கட்டும்டி. இதான் உங்கப்பன் வெச்சிட்டுப் போனது" என்றேன்.

"அத்தே, அப்பா இத இப்பிடியா வெச்சிருந்தாரு? சனிக்கெயம வந்தா புளியும் சாம்பலும் வெச்சிக்கினு ஒக்காந்துடுவாரே, ஒரு நாளாவது கறுக்க வுட்ருப்பாரா? நீ காப்பாத்திக்கினு கீறது அப்பாவ இல்ல. அப்பாவுக்கு வந்த சீக்க."

பளாரென்று ஒன்று வைக்கலாம் போலிருந்தது. நர்ஸ் வேலைக்குப் போனதிலிருந்து அவளுக்கு வாய் நீண்டுவிட்டது. அன்று சாப்பிடாமல் படுத்தேன். அவள் சொன்னது உண்மை என்பதால்தான் அவ்வளவு கோபம்.

நீ அதைத் தேய்க்கிற அழகை ஊரே கேலி செய்யும். மிஷன் பேண்டிலிருந்து எத்தனையோ கை மாறி வந்த பழைய சாமான் அது. வாயில் பொறித்திருந்த வெளிநாட்டு ஊர்ப் பெயரை நம்மில் யாருக்கும் சரியாகப் படிக்கத் தெரியாது. பெண்டாட்டியைக் கூட நீ அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. ஆனால் தேய்ப்பதெல்லாம் வெளியில்தான். "டேய், உள்ள கய்வ மாட்டியா? நாறுது" என்று ஒருநாள் கேட்டேன். "யக்கா, கல்யாண வூட்ல உள்ள கைய வுட்டா பாக்கறாங்க?" என்று சிரித்தாய். பேண்டு இல்லாத நாட்களில் கல் குவாரியில் குழி போடும் மிஷின் உன் கையில் இருக்கும். டிரம்பெட்டை அங்கேயும் கொண்டுவந்து கிரஷர் கொட்டகையில் ஆணியில் மாட்டுவாய். சாப்பாட்டு வேளையில் எடுத்து ஊதிப் பழகுவாய். பாண்டுச் சட்டியில் ஜல்லி சுமந்துகொண்டிருந்த நாங்கள் துண்டை மூக்கிலிருந்து அவிழ்த்து உட்கார்ந்து கேட்போம். உன் தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளையாக இருக்கும். கிழவன் ஊதுகிறான் என்று பெண்கள் சிரிப்பார்கள்.

கறுப்பை நான் காப்பாற்றவில்லையடா. எனக்கு வேண்டியது இரண்டு இடம். ஒன்று, உன் இடது கை பிடித்த இடம். உன் வியர்வை அங்கே முலாமைத் தின்று, பித்தளையையும் தின்று, உள்ளங்கை அளவுக்குச் செம்பட்டையாகச் சொரசொரத்துக் கிடந்தது. என் கையை அதில் வைத்தால் சரியாக உட்காரும். இன்னொன்று அந்த ஒடுக்கு.

பக்கத்து ஊர்ச் சாவு ஒன்றில் விழுந்த ஒடுக்கு அது. பிணம் தெருமுனை தாண்டியிருக்கிறது, நீ பாதிப் பாட்டில் குந்திவிட்டாய். டிரம்பெட் சிமெண்டு ரோட்டில் மோதியிருக்கிறது. ஊர்வலம் நிற்கக் கூடாது என்று டிரம் அடிக்கிறவர்கள் அடித்துக்கொண்டே உன்னைச் சுற்றிப் போயிருக்கிறார்கள். அன்று வீட்டுக்கு வந்து, "காத்து வர்லக்கா" என்றாய். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய்.

ஆஸ்பத்திரிக்கு வாடா என்று எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன்! "பொண்ணு படிப்பு முடியட்டும்கா. இப்ப போனா படுக்கப் போட்ருவாங்க." "படிப்பு முடியறதுக்குள்ள நீ முடிஞ்சிடுவடா பாவி" என்று கத்தினேன். கத்தியதுதான் மிச்சம். கடைசியில் போனபோது முதலில் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். பிறகு வேறொரு ஆஸ்பத்திரியில் நெஞ்சு படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை தூவியிருந்தது. "கல்லு தூசிம்மா. உள்ள போனது போனதுதான். வெளிய எடுக்க வழியில்ல" என்றார் டாக்டர். உன் மகள் படிப்பை முடித்தாள். அவள் யூனிபார்ம் போட்டுப் பார்க்க நீ இல்லை.

போன வாரம் அவளும் நானும் டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். ஓரிக்கைப் பாலம் தாண்டி இறங்கும் வரைக்கும் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை நான். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஃபாரின் அயிட்டம்மா. பழசு வாங்கி வெக்கறவங்களுக்குக் குடுக்கறதா இருந்தா கை வெக்காதீங்க, அவங்க ஒரிஜினலாதான் கேப்பாங்க. வாசிக்கறதுக்குன்னா கை வெச்சிதான் ஆவணும்."

"ஒரிஜினலாவே இருக்கட்டும். சும்மா தொடச்சி மட்டும் குடுங்க" என்று நான் முந்திக்கொண்டேன். உன் மகள் என்னைப் பார்த்தாள், சண்டை போடவில்லை. "மொதல்ல சத்தம் வருதான்னு பாருங்கண்ணா" என்றாள்.

அவர் ஊதினார். எருமை செருமினது போல ஒரு சத்தம் வந்தது. குழாய் எதுவும் கழலவில்லை. நெருப்புக் காட்டி, எண்ணெய் விட்டு, தட்டித் தட்டி ஒவ்வொன்றாக உருவினார். பிறகு ஓர் அலுமினியச் சட்டியை வைத்து உள்ளே வெந்நீரை ஊற்றினார். சாம்பல் நிறத்தில் குழம்பு மாதிரி இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. சட்டியின் ஓரத்தில் காய்ந்த இடம் அப்படியே சிமெண்டு போலப் பிடித்துக்கொண்டது.

"இன்னாம்மா இது, சுண்ணாம்புலயா போட்டு வெச்சிருந்தீங்க?"

எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. விரலால் தொட்டேன். நரநரவென்றது. "கல்லு மாவு" என்றேன். உன் மகள் சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஜன்னலில் பிடித்த அந்தப் படத்தை அவளும் பார்த்தவள்தானே. "இன்னொரு தபா ஊத்துங்கண்ணா" என்றாள். அவர் ஊற்றினார். நீர் தெளிந்து வரும்வரைக்கும் அவள் ஊற்றச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தெளிந்து வந்ததடா. கொஞ்சம் வெந்நீரும் ஒரு மனுஷன் பொறுமையும் அதற்குப் போதுமாக இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சட்டியைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன்.

நான் ஒரிஜினல், ஒரிஜினல் என்று பொத்திப் பொத்தி வைத்தது இதைத்தான். உன்னைக் கொன்றதை உன் ஞாபகமென்று பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். "எல்லாத்தயும் எடுத்துடுங்க. ஒடுக்கயும் எடுத்துட்டு முலாம் போட்ருங்க" என்றேன். கை பிடித்த இடத்தையும் தேய்த்தால்தான் முலாம் பிடிக்கும், தகடு மெலிசாகி இருக்கிறது, ஒட்டுப் போட வேண்டிவரும் என்றார். ஒருதரம் கையை அதில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

இப்போது கண்ணாடி மாதிரி மின்னுகிறது. கை வைத்துப் பார்த்தேன், வழுக்குகிறது. நீ இருந்தால் தலைகால் புரியாமல் ஆடியிருப்பாய்.

அன்று கடையில் எனக்கு இருமல் வந்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன். "இன்னா அத்தே?" என்று உன் மகள் திரும்பினாள், நர்ஸ் கண்ணோடு. "கடைத் தூசிடி" என்றேன். இப்போதெல்லாம் தெருக் குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் எங்காவது குந்த வேண்டியிருக்கிறது. அந்தச் சட்டியில் இறங்கியதை நான் உன்னை விடவும் அதிக நாள் சுமந்தவள். ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்கப் போட்டுவிடுவார்கள்.

நீ என்னைத் திட்டுவாய், தெரியும். கல்யாணம் முடியட்டும்டா.